ரிப்போர்ட் நார்மல், கால் மட்டும் வரவில்லை

அக்டோபர் 29 வந்தால் உலகப் பக்கவாத நாள். பத்திரிகைகளும் தவறாமல் ஒரே அறிவுரையைப் போடும்: முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால், யோசித்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நல்ல அறிவுரை, அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதன்படியே நடந்து, நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்து, எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு வரி இருக்காது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். காலையில் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது வலக்கால் வரவில்லை, வலக்கையும் மரத்துக் கிடக்கிறது. ‘ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு’ என்று தெரு கூடிவிடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முள்ளூரில் 2017-இல் வந்துவிட்டதால் அலைச்சல் அதிகமில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ., ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கிறார்கள். எல்லாம் நார்மல். வீட்டாருக்கு மனம் ஆறாமல் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கூட்டிப்போய் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், அதுவும் நார்மல். கால் மட்டும் வரவில்லை. ‘ஒண்ணுமில்லம்மா, டென்ஷனைக் குறைங்க’ என்ற வாசகத்தோடு ஊர் திரும்புகிறார். மாமியார் காத்து கருப்பு என்கிறார், நாத்தனார் நடிப்பு என்கிறார், கணவர் அடுத்த ஸ்கேனுக்குப் பணம் புரட்டக் கிளம்புகிறார். மூவர் போக்கும் தவறு. ‘ஒண்ணுமில்ல’ என்று மருத்துவர் சொன்னதிலிருந்துதான் மூன்று தவறும் கிளைத்தன.

எம்.ஆர்.ஐ.யில் தெரியாதது உடம்பிலும் கிடையாது என்று நோயாளிகள் நம்புகிறார்கள். சில நேரம் மருத்துவர்களும் நம்புகிறார்கள். இது ஒரு நவீன மூடநம்பிக்கை. ரத்தக்குழாய் அடைத்த கொஞ்ச நேரத்திலேயே பாதிப்பைக் காட்டிவிடும் ‘டிஃப்யூஷன்’ வகை எம்.ஆர்.ஐ.கூட, உண்மையான அடைப்புப் பக்கவாதங்களில் நூற்றுக்கு ஏழு வரை தவறவிடுகிறது என்று 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அடைப்பு மூளையின் பின்பக்கம் என்றால் தவறவிடும் வாய்ப்பு இன்னும் கூடுதல். வந்த சுவடு தெரியாமல் போய்விடும் தற்காலிக அடைப்பும் உண்டு. ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை கைகாலை முடக்கும். வலிப்பு வந்து ஓய்ந்தபின் சில மணி நேரம் ஒரு பக்கம் செயலற்றுக் கிடப்பதும், சர்க்கரை அளவு மிகவும் இறங்கிப்போனவர் பக்கவாதக்காரர் மாதிரியே கிடப்பதும் அவசரப் பிரிவில் பார்த்துப் பழகிய சங்கதிகள். ஆக, நார்மல் ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘இது பக்கவாதம் இல்லை’ என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, அதே காகிதத்தை வைத்து ‘இது மனசு செய்யும் வேலை’ என்று எப்படிச் சொல்வது? இல்லாத ஒன்றை ஆதாரமாக்கி ஒரு நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது; இருப்பதைக் காட்டித்தான் வைக்க வேண்டும். நாம் கற்பனை செய்த பெண்ணுக்கு வந்திருக்கும் நோய்க்கு அப்படிக் காட்டக்கூடிய அடையாளம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம், மருத்துவரின் உள்ளங்கை போதும்.

நோயின் இன்றைய பெயர் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு. நரம்பும் மூளையும் கட்டமைப்பில் கெடவில்லை, செயல்படும் முறையில் கெட்டிருக்கின்றன என்று பொருள். மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஃபங்ஷனல்’ என்பார்கள். நம் ஊரில் ஃபங்ஷன் என்றால் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. ‘உங்களுக்கு இருப்பது ஃபங்ஷனல்’ என்று சொன்னால் நோயாளி விழிப்பது நியாயம்தான். பெயர் பரிச்சயமில்லையே தவிர, நோய் அபூர்வமானது அல்ல. ஸ்காட்லாந்தில் நரம்பியல் புறநோயாளிகளாக வந்த 3,781 பேரைக் கணக்கெடுத்து 2010-இல் வெளியிட்டார்கள். முதலிடம் தலைவலிக்கு. செயல்பாட்டுக் கோளாறும் மனம் சார்ந்த தொல்லைகளும் சேர்ந்து இரண்டாம் இடம், நூற்றுக்குப் பதினாறு. பக்கவாதம் என்று அவசரமாகக் கொண்டுவரப்படுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பக்கவாதம் இருப்பதில்லை. அந்த நான்கில் ஒரு பங்கினரில் கணிசமானவர்கள் இந்த வகை. ஸ்காட்லாந்துக் கணக்கு புதுக்கோட்டைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புதுக்கோட்டைக்காரர்களின் மூளை வேறு மண்ணில் செய்தது என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.

இனி அந்த உள்ளங்கை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து மருத்துவர் சார்ல்ஸ் ஃபிராங்க்ளின் ஹூவர் 1908-இல் எழுதி வைத்த சோதனை இது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். வராத கால் வலக்கால் என்றால், அந்தக் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ‘குதிகாலால் என் கையைக் கீழே அழுத்துங்கள்’ என்கிறார். நோயாளி முக்குகிறார், முகம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. குதிகாலில் பலமே இல்லை. கையை எடுக்காமல் மருத்துவர் அடுத்த வேலை கொடுக்கிறார்: ‘அதை விடுங்கள், நல்ல காலை, இடக்காலை, மேலே தூக்குங்கள்.’ தூக்கும்போது இன்னொரு கையால் அந்தத் தொடையைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறார். நோயாளி முழு கவனத்தோடு இடக்காலைத் தூக்கப் போராடும் அந்தக் கணத்தில், வலக் குதிகால் மருத்துவரின் உள்ளங்கையில் அம்மிக்கல்லை வைத்தாற்போல இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒரு தாளைக்கூட அமுக்க முடியாத அதே கால்தான். இதில் மாயம் ஒன்றும் இல்லை. படுத்த நிலையில் ஒரு காலைத் தூக்கினால் இடுப்பு புரண்டுவிடாமல் இருக்க மறுகால் தானாகத் தரையை ஊன்றும். நடக்கக் கற்ற நாளிலிருந்து நாம் கேளாமலே உடம்பு செய்துவரும் காரியம். படித்துக்கொண்டிருக்கும்போதே படுத்துச் செய்து பாருங்கள், நன்றாகத் தெரியும். மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை பக்கவாதத்தால் சேதமாகியிருந்தால், கேட்டுச் செய்தாலும் கேளாமல் செய்தாலும் அந்தக் காலில் பலம் வராது. கேட்டால் வராமல், கேட்காதபோது வந்தால், பாதை சேதமாகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். இதைக் காட்ட எந்த ஸ்கேனாலும் முடியாது. ஸ்கேன் சேதம் எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்லும். ஹூவர் சோதனையோ பாதை வேலை செய்வதை நேரிலேயே காட்டிவிடுகிறது.

இதை விளக்க வருகிறவர்கள் எல்லோரும் கணினியை இழுப்பார்கள்: ஹார்டுவேர் சரி, சாஃப்ட்வேர் கோளாறு என்று. பாதிக் கிணறு தாண்டும் உவமை அது. எனக்கு டவுன் பஸ்தான் சரியாகப் படுகிறது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருக்கோகர்ணம் போக ஒரு பஸ் நிற்கிறது. எஞ்சின் சரி, டயர் சரி, டீசல் இருக்கிறது, போன மாதம்தான் எஃப்.சி. காட்டியிருக்கிறார்கள், டிரைவரும் சீட்டில் உட்கார்ந்தாயிற்று. வண்டி நகரவில்லை. டெப்போவிலிருந்து மெக்கானிக் வந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு ‘வண்டியில் ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார், அதுதான் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். கோளாறு பின்படிக்கட்டில். அங்கே யாரோ தொங்குவதாகக் கண்டக்டருக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. யாரும் இல்லை. ஆனாலும் ‘போலாம் ரைட்’ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏனய்யா விசில் கொடுக்கவில்லை என்று ஆளாளுக்குக் கேட்கக் கேட்க, அவர் இன்னும் உற்றுப் படிக்கட்டைப் பார்க்கிறார். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் தடிக்கிறது. அந்த நேரம் நடுவில் உட்கார்ந்திருக்கும் பயணி வேறு எதற்கோ பக்கத் தகட்டில் படபடவென்று தட்ட, டிரைவர் கியரைப் போட்டுக் கிளப்பிவிடுகிறார். அந்தத் தட்டல்தான் ஹூவர் சோதனை. பக்கவாதம் என்பது கியர் ராடே முறிந்துபோன வண்டி. விசில் ஊதினாலும் தகட்டைத் தட்டினாலும் அது நின்ற இடத்தில்தான் நிற்கும். கண்டக்டர் வேண்டுமென்றே மறிக்கிறார் என்பதும் அநியாயம். வண்டி நின்றால் அவருடைய கலெக்‌ஷன் பேட்டாவும்தான் போகிறது. எஞ்சினைக் கழற்றி இறக்குவதில் பயனில்லை, டிரைவரை மாற்றுவதிலும் பயனில்லை, கண்டக்டரை நான்கு பேர் நடுவில் திட்டினால் படிக்கட்டில் அவருக்கு இன்னும் இரண்டு பேர் தெரிவார்கள். ஒரு தட்டலுக்கு வண்டி கிளம்பியதையும், யாரும் கீழே விழாததையும் அவரே திரும்பிப் பார்க்க வேண்டும்.

உவமையை இதற்குமேல் ஓட்டினால் பள்ளத்தில் இறங்கிவிடும். மூளைக்குள் தனியாகக் கண்டக்டர் என்று யாரும் இல்லை. அந்த வேலையைக் கவனம் பார்க்கிறது. மாத்திரை விழுங்குவதை நினைத்துப் பாருங்கள். சோற்றுருண்டை மாத்திரையைப் போல ஐந்து மடங்கு, யோசிக்காமல் இறங்குகிறது. ‘இது தொண்டையில் நிற்குமோ’ என்று நினைத்த மாத்திரை நாக்கிலேயே நிற்கிறது. நன்றாகப் பழகிய அசைவுகளைக் கவனித்துச் செய்யப் போனால் கெட்டுப்போகும். லண்டன் நரம்பியலாளர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய குழுவும் 2012-இல் இதற்கு ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். மூளை வெறும் உத்தரவு போடும் அலுவலகம் அல்ல. அடுத்த கணம் உடம்பில் என்ன தெரியப்போகிறது என்று ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. கீழே விழுந்த ஓர் அடி, ஒரு தலைவலித் தாக்குதல், ஒரு மயக்கம் என்று ஏதோ ஒன்றால் ‘இந்தக் கால் வராது’ என்ற ஊகம் பதிந்துவிட்டால், காலின் மேல் கவனம் குவியக் குவிய அந்த ஊகம் உரம் பெற்று, கடைசியில் காலிலிருந்து வரும் உண்மைத் தகவலையே அமுக்கிவிடுகிறது. கவனம் வேறு பக்கம் போனால் ஊகம் தளர்ந்து கால் தன் வேலையைப் பார்க்கிறது. அழகான கோட்பாடு, சந்தேகமில்லை. ஆனால் ஊகிக்கும் மூளை என்ற இந்த ஒரே சாவியைக் கொண்டு இன்று மனச்சிதைவு முதல் ஆட்டிசம் வரை எல்லாப் பூட்டையும் திறக்கிறார்கள். எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவியைக் கொல்லர் கொண்டுவந்தால் அந்தச் சாவியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் கோட்பாட்டுக்கு ஆதரவாக ஒரு சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் சொந்தச் செய்கையால் வரும் உணர்வை மூளை முன்கூட்டியே ஊகித்து மட்டுப்படுத்திவிடுகிறது. 2003-இல் லண்டன் விஞ்ஞானிகள் இதை அளந்தார்கள். ஒரு சிறு கருவி உங்கள் விரலை ஓர் அளவில் அழுத்தும். அதே அளவு அழுத்தத்தை உங்கள் மறுகை விரலால் நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியமானவர்கள் ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே அழுத்தினார்கள், சொந்த அழுத்தம் குறைவாகத் தெரிவதால். ‘நான் லேசாத்தான் அடிச்சேன், அவன்தான் ஓங்கி அடிச்சான்’ என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டு வரும்போது இருவருமே உண்மை பேசுகிறார்கள் என்பது இதனால் தெரியவந்தது. தீர்ப்பு சொல்லும் அம்மாக்கள் கவனிக்க. 2014-இல் இதே சோதனையைச் செயல்பாட்டு அசைவுக் கோளாறு உள்ளவர்களிடம் செய்தபோது அவர்கள் அப்படித் தவறவில்லை. கேட்ட அழுத்தத்தை ஏறக்குறையச் சரியாகவே கொடுத்தார்கள். தன் அசைவைத் தன்னுடையது என்று முத்திரை குத்தி மட்டுப்படுத்தும் வேலை அவர்கள் மூளையில் நடக்கவில்லை. ‘என் கை என் கை மாதிரியே இல்லை’ என்று நோயாளிகள் சொல்வதற்கு இதுவே பொருளாக இருக்கலாம். சிறிய ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் நாத்தனாரின் குற்றச்சாட்டுக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. நடிப்பவர் நோயாளி மாதிரித் தவறாகச் செய்து காட்டுவார். ஆரோக்கியமானவர்களே தவறும் இடத்தில் சரியாகச் செய்யும்படி ஒருவர் எப்படி நடிப்பார்? என்ன விடை வர வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாதே.

நடிப்புக் குற்றச்சாட்டை இதோடு விட்டுவிட முடியாது. ஏனென்றால் ஹூவரே தன் கட்டுரையின் தலைப்பில் பாசாங்கைக் கண்டுபிடிக்கும் வழி என்பதையும் சேர்த்துத்தான் எழுதினார். வேண்டுமென்றே காலை ஊன்றாமல் இருப்பவரிடமும் இந்தச் சோதனை இப்படித்தான் காட்டும். சோதனை சொல்வது பாதை சரி என்பதை மட்டும். உள்நோக்கத்தை அளக்கும் கருவி யாரிடமும் இல்லை. ஆனால் மற்றவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். நடிப்பவர்கள் பரிசோதனைக்குப் பயப்படுவார்கள். இவர்கள் அடுத்த பரிசோதனை, அடுத்த ஊர் என்று கடன் வாங்கி அலைகிறார்கள். தேசம், மொழி, படிப்பு எதுவும் பொதுவாக இல்லாதவர்களிடம் ஒரே மாதிரியான நடை தென்படுகிறது. பக்கவாதக்காரர் விறைத்த காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் சுழற்றி வைத்து நடப்பார். இவர்களில் பலர் காலை வெளிப்பக்கம் திருப்பி, முன்பாதம் தரையோடு ஒட்டியபடி, நெல் மூட்டையை இழுப்பதுபோலப் பின்னால் இழுத்து வருவார்கள். செருப்பின் முன்விளிம்பு தேய்ந்திருக்கும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்க வழியில்லை.

வரலாறு இல்லாமல் கட்டுரை இல்லை என்பவர்களுக்காக ஒரு பத்தி. கருப்பை உடம்புக்குள் அலைவதால் வரும் நோய் என்று கிரேக்கர்கள் சொன்னார்கள் என்பார்கள்; ஹிஸ்டீரியா என்ற பெயர் அதிலிருந்து வந்தது, ஆண்களுக்கும் வரும் என்ற சிறு விஷயத்தை மறைத்துக்கொண்டு. பாரிஸில் நரம்பியலாளர் சார்கோ இதை மேடையில் நோயாளிகளை நிறுத்திக் காட்டினார். அவருடைய சீடர் பாபின்ஸ்கி 1896-இல், நரம்புப் பாதை சேதமாகியிருக்கிறதா என்று உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும் சோதனையைச் சொன்னார். இன்றும் ஒவ்வொரு மருத்துவ மாணவரும் சாவியால் கீறிப் பார்ப்பது அதைத்தான். ஃபிராய்ட் வந்து, அமுக்கிய துயரம் உடம்பில் நோயாக மாறுகிறது என்றார். அதோடு நரம்பியலாளர்கள் கை கழுவினார்கள், மனநல மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, நோயாளி நூறு வருடம் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றார். நம் பக்கத்தில் மூன்றாவது கதவும் உண்டு: குணசீலம் கோயிலுக்கோ வேப்பிலை அடிப்பவரிடமோ கூட்டிப்போவது. அங்கே சிலருக்குச் சரியாகிவிடுவதும் உண்மை. கவனத்தை வேறு பக்கம் திருப்ப உடுக்கையைவிட நல்ல கருவி என்ன இருக்கிறது? ஆனால் அது நின்றதும் என்ன ஆனது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ‘ஃபங்ஷனல்’ என்று முத்திரை குத்திவிட்டு உண்மையான நோயைத் தவறவிட்டால்? 1965-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர் இதையேதான் சொன்னார்: ஹிஸ்டீரியா என்று எழுதப்பட்ட நோயாளிகளைச் சில ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தால் பலருக்கு வேறு நோய் வெளிப்பட்டிருந்தது, ஆகவே அந்தப் பெயர் அறியாமையின் மாறுவேடம் என்றார். ஒரு தலைமுறை மருத்துவர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்தது. எடின்பரோவின் ஜான் ஸ்டோன் குழு 2005-இல் பழைய ஆய்வுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, தவறான முத்திரை 1950-களில் நூற்றுக்கு 29 ஆக இருந்தது, 1970-களிலிருந்து 4-க்கு இறங்கிவிட்டிருந்தது. மற்ற நரம்பு நோய்களில் நடக்கும் தவறும் ஏறத்தாழ இதே அளவுதான். ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட நோயாளிகள் 1,144 பேரைப் பதிவுசெய்து, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு தகவல் கிடைத்தவர்களைப் பார்த்தபோது, முதலில் தென்பட்ட தொல்லைக்கு வேறு நோய் காரணம் என்று நிரூபணமானது நான்கே நான்கு பேருக்கு. இதனால் மருத்துவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். ஹூவர் சோதனைக்கும் குறைகள் உண்டு: இடுப்பில் வலி இருந்தால் ஏமாற்றும்; மூளைச் சேதத்தால் ஒரு பக்கமே நினைவில் இல்லாமல் போன உண்மைப் பக்கவாதக்காரரிடமும் ஏமாற்றும். பக்கவாதச் சந்தேகத்தோடு வந்தவர்களிடம் செய்த 2011 ஆய்வில் பக்கவாதக்காரரைத் தவறாக முத்திரை குத்தாத திறன் நூற்றுக்கு நூறு, கண்டுபிடிக்கும் திறன் நூற்றுக்கு 63 என்று பெருமையாக மேற்கோள் காட்டுவார்கள். அந்த 63 எங்கிருந்து வந்தது? எட்டு நோயாளிகளில் ஐந்து பேர். எட்டுப் பேரை வைத்துச் சதவீதம் போடுவது விருந்தில் ஒரு பந்தியை மட்டும் பார்த்துவிட்டுக் கல்யாணச் செலவைக் கணக்கிடுவது. சோதனை நல்ல சோதனைதான், ஆனால் தனி ஒன்றாக அதை நம்பாமல் மற்ற அடையாளங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு அதன்மேல் செயல்பாட்டுக் கோளாறு படிவது உண்டு. ஆகவே முன்பு ஒருமுறை ‘ஃபங்ஷனல்’ என்று சொல்லப்பட்டவருக்கும் புதிதாகக் கை விழுந்தால் 108-தான்; வீட்டில் யாரும் குதிகாலுக்கு அடியில் கை வைத்துப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. பக்கவாதம் இல்லாதவருக்குத் தவறிப் போட்டுவிட்டால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து நூற்றில் ஒன்று அளவுக்குள்தான்; போட வேண்டியவருக்குப் போடாமல் விட்டால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

‘எல்லாம் டென்ஷன்தான்’ என்ற மற்றொரு விளக்கம் அனுதாபமாக ஒலிப்பதால் தப்பித்துக்கொள்கிறது. துயரமும் அதிர்ச்சியும் பட்டவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் மாரடைப்பும் அப்படித்தான். அதற்காக மாரடைப்புக்காரரிடம் ‘மனசை லேசா வெச்சுக்குங்க’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதில்லை. கணிசமான நோயாளிகளிடம் எவ்வளவு தோண்டினாலும் அப்படிப்பட்ட துயரம் கிடைப்பதில்லை. நோய் தொடங்கியதற்கு முன்னால் ஒரு சுளுக்கு, ஒரு காய்ச்சல், ஒரு அறுவை சிகிச்சை என்று உடம்பில் ஏதோ நடந்திருக்கும். அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வந்தபோது, மன அழுத்தத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், நோயைக் காட்டும் நேரடி அடையாளம் வேண்டும் என்றார்கள். நம் வெளிநோயாளிப் பிரிவுகளில் அந்தத் திருத்தம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இருநூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம் என்பதும் காரணம்; பழியை மருத்துவர் தலையில் மட்டும் போட மாட்டேன்.

சிகிச்சை என்ற பெயரில் விற்கப்படுவதைப் பார்த்தால், மூளையை ‘ரீசெட்’ செய்யும் காந்தம், மூளை வரைபடம், செயலி என்று கடை விரிந்துகிடக்கிறது. நல்ல ஆய்வுகள் சொல்வது அடக்கமான செய்தி. பிரிட்டனில் 355 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த நோய்க்கென்றே வகுத்த ஃபிசியோதெரபியும் மறுபிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. ஓராண்டு கழித்து, முதன்மையாக அளக்க வைத்திருந்த உடல் இயக்கப் புள்ளிகளில் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் ‘எனக்குத் தேவலை’ என்று சொன்னவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 59, மற்றதில் 42. இதை வெற்றி என்று தலைப்புப் போடுவதும் தோல்வி என்று தள்ளுவதும் அவசரம். மொத்தத்தில், ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் ஐந்தில் இருவர் அப்படியே அல்லது மோசமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நுட்பம் எங்கே இருக்கிறது என்பதில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. ஸ்டோனும் எட்வர்ட்ஸும் 2012-இல் எழுதியதன் சாரம், ஹூவர் சோதனையை மருத்துவர் தனக்குள் ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் நோயாளிக்கே காட்ட வேண்டும் என்பது. ‘பாருங்கள், நான் அழுத்தச் சொன்னபோது வராத பலம், இந்தக் காலைத் தூக்கும்போது வருகிறது, பாதை அறுந்துபோகவில்லை, அதனால்தான் சரியாக வாய்ப்பிருக்கிறது’ என்று சொல்லும்போது நோயாளிக்குக் கிடைப்பது ஆறுதல் வார்த்தை அல்ல, தன் உடம்பிலேயே பார்த்த சாட்சி. அங்கிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கே ஃபிசியோதெரபிஸ்ட் வருகிறார். ஆனால் பக்கவாதத்துக்குப் பழகிய கை ‘இன்னும் தூக்குங்க, முயற்சி பண்ணுங்க’ என்று சொல்லும். இங்கே அந்த முயற்சியே கண்டக்டரைப் படிக்கட்டைப் பார்க்க வைக்கும் வேலை. பின்பக்கமாக நடக்க வைப்பது, பக்கவாட்டில் நடக்க வைப்பது, தாளத்துக்கு அடிவைக்கச் சொல்வது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாசல் வரை கூட்டிவருவது என்று போக வேண்டும். ஊன்றுகோலையும் சக்கர நாற்காலியையும் முதல் வாரத்திலேயே கையில் கொடுத்துவிடுவது நல்லதல்ல. இதற்குத் தனி யந்திரம் எதுவும் தேவைப்படாது, சொல்லிக்கொடுக்க ஆள்தான் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. நோயாளியின் கையில் கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இப்போது இருப்பது ‘எம்.ஆர்.ஐ. நார்மல், சி.டி. நார்மல், மனநல ஆலோசனை பெறவும்’. அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால் அங்கே இருக்கும் மருத்துவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார், மறுபடியும் ஒரு ஸ்கேன் எழுதுவார், மறுபடியும் ஒன்றுமில்லை என்பார். அதே காகிதத்தில் ‘வலக்கால்: ஹூவர் பாசிட்டிவ், நோயாளிக்குக் காட்டப்பட்டது’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தால், இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணை மறுபடி ஸ்ட்ரெச்சரில் பார்க்கும் டூட்டி டாக்டருக்குக் குதிகாலுக்கு அடியில் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும்.